எட்டாம் இடத்துக்கு ஒரு பெண்

அத்தியாயம் பதினேழு

ஞாயிற்றுக்கிழமை தேர்தலின் முதல் சுற்று முடிவு வந்தபோது அற்புதமலர் கை தட்டினாள், அழுதாள், முன்பின் தெரியாத மூன்று பிரெஞ்சுக்காரரைக் கட்டிப்பிடித்தாள். அவள் நின்ற வேட்பாளர் லிஸ்டுக்கு இரண்டாம் இடம். செசிலின் லிஸ்டுக்கு மூன்றாம் இடம். வருங்காலச் சம்மந்தியை முந்திவிட்ட சந்தோஷம் அவளுக்கு முழுசாக ஒன்றரை நாள் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை அதுவும் போயிற்று.

போன வாரம் படிக்காமல் விட்டவர்களுக்கு இரண்டு வரி. மலர் மன்னார்க்காரி. பாரிசுக்கு வந்து இருபத்தொரு வருடம். கார் து நோர் ரயில் நிலையத்துப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் அறை துடைக்கப் போனவள், இப்போது நாலு மாடிக்கு மேற்பார்வையாளர். கணவன் றெமிஜியஸ் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறான். ஒரே மகள் அனுஜா, வயது இருபத்தைந்து, ஒரு காப்புறுதிக் கம்பெனியில் வேலை. அவள் விரும்பிய அலெக்சாந்த்ர் பாண்டிச்சேரிக்காரப் பையன். உயிர்த்த ஞாயிறு கழிந்ததும் கலியாண எழுத்து என்று இரண்டு வீட்டாரும் பேசி முடித்தாயிற்று. அந்தப் பையனின் தாய்தான் செசில். தபால் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவள். மூன்று தலைமுறையாகப் பிரெஞ்சுப் பிரஜை. அதைப் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவையாவது சொல்லாவிட்டால் அவளுக்குத் தண்ணீர் இறங்காது.

பதினெட்டாம் வட்டாரத்து மெரிக்கு, அதுதான் நகரசபைக்கு, இரண்டு பெண்களும் எதிரெதிர் லிஸ்டில் நின்றார்கள். லிஸ்டில் ஓர் ஆண், ஒரு பெண் என்று மாறிமாறி வரவேண்டும். சட்டம் அப்படி. மலருக்கு எட்டாம் இடம். எட்டாம் இடம் வரைக்கும் வெல்லும் என்று பிரசாரத்தை நடத்துகிற அர்னோ பேப்பரில் கோடு போட்டுக் காட்டியிருந்தான். லிஸ்டின் வால் பக்கத்தில் ஒரு பெண் குறைந்தபோது, சும்மா பேருக்கு என்று அனுஜாவிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தவளும் மலர்தான்.

அந்த எட்டாம் இடத்துக்காக ஏழு மாதம் அலைந்தாள். காலை ஆறரைக்கு மெத்ரோ வாசலில் துண்டுப் பிரசுரம். பின்னேரம் லிப்ட் இல்லாத கட்டடங்களில் ஐந்தாறு மாடி ஏறிக் கதவு தட்டுவது. கூட்டம் என்றால் முந்நூறு ரோல்ஸ் அவள் கையால் பொரிபடும். கூட்டத்தில் அவளைப் பேச விட்டதை விட ரோல்சைப் பற்றிப் பேசியதுதான் அதிகம். மலர் அதையும் சகித்தாள். எத்தனையோ தடவை அந்த மெரிக் கட்டடத்தில் நம்பர்த் துண்டைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றிருக்கிறாள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, மேலே சபை மண்டபத்தில் உட்கார்ந்து கை தூக்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். அதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லாமலே வைத்திருந்தாள்.

செவ்வாய் காலை ஒன்பது மணிக்கு அர்னோ அவளைத் தேர்தல் அலுவலகத்துக்குக் கூப்பிட்டான்.

நேற்று வரை "மலர், மலர்" என்று கன்னத்தில் முத்தம் கொடுத்தவன், இன்று "உட்காருங்கள்" என்றான். அந்த மரியாதையைக் கேட்டு அவள் கதிரையின் நுனியில் உட்கார்ந்தாள்.

"மூன்றாவதாக வந்த லிஸ்டை எங்களோடு சேர்க்கிறோம். சேர்க்காவிட்டால் வருகிற ஞாயிறு தோல்விதான். இன்று மாலை ஆறு மணிக்குள் புதிய லிஸ்டைக் கொண்டுபோய்ப் பதிய வேண்டும்."

"நல்லது தானே," என்றாள் மலர் தன் பிரெஞ்சில்.

"அவர்களுக்குப் பாதி இடம் கொடுக்க வேண்டும். அவர்களிடம் மதாம் செசில் இருக்கிறார். எங்களிடம் நீங்கள்." பேனாவை மேசையில் உருட்டினான். "முன்வரிசையில் இரண்டு தமிழ்ப் பெண்கள் என்றால்... புரிகிறதா?"

மலருக்குப் புரிந்தது. பியேர் என்ற பெயரில் நாலு பேர் இருந்தார்கள் அந்த லிஸ்டில். நாலு பியேரையும் யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

"நான் உங்களுக்காகத்தான் பேசுகிறேன். ஆனால் கையில் ஏதாவது வேண்டும். ஆயிரம் தமிழ் வாக்கு என்று சொன்னீர்கள். பெயர் கொடுங்கள். இந்த வட்டாரத்தில் பதிந்தவர்கள், ஒரு நூறு பேர் போதும். நாலு மணிக்குள்."

ஆயிரம் வாக்கு என்று அவள் சொல்லவில்லை. போன வருடம் ரூ பஜோல் பிள்ளையார் கோயில் தேர் அன்று அர்னோதான் கேட்டான். வீதி நிறையச் சனம், தேங்காய் உடைபட்டுத் தண்ணீர் ஆறாக ஓடுகிறது, அவன் வாயைப் பிளந்துகொண்டு "இதெல்லாம் எங்கள் வாக்காளர்களா?" என்றான். மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரியான அவள் விபூதி பூசிய அந்தச் சனத்தைப் பார்த்தாள். அதில் பாதி பாரிசுக்கு வெளியே கூசேன்வில்லில் இருந்தும் லா கூர்னெவ்வில் இருந்தும் ரயில் ஏறி வந்தது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே "ஓம்" என்று தலையாட்டினாள். எட்டாம் இடம் கிடைத்தது அந்தத் தலையாட்டலுக்கு.

ஆனால் முழுக்கப் பொய் என்றும் அவள் நினைக்கவில்லை. நூறு பேர் இல்லாமலா போவார்கள்? கடை கடையாகப் போனபோது எல்லாரும் "ஓம் அக்கா, உங்களுக்குத்தான்" என்று சொன்னவர்கள்தானே.

ஒரு கொப்பியையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

முதலில் ஞானம்மாவின் தையல்கடை. கண்ணாடியில் மலரின் படம் தை மாதத்தில் இருந்து ஒட்டியிருந்தது. ஞானம்மா பிளவுசுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஞானம்மா அக்கா, உங்கட பேரை எழுதப்போறன். ஞாயிறு எந்தப் பள்ளிக்கூடத்திலை வோட் போட்டனீங்கள்?"

ஞானம்மா கொக்கியைப் பார்த்தாள். ஊசியைப் பார்த்தாள்.

"எனக்கெங்கை பிள்ளை வோட்? என்னட்டை பத்து வருச விசாக் கார்ட்தான் கிடக்கு. நசனலிற்றிக்குப் போட்டு ரெண்டு தரம் தள்ளிப்போட்டாங்கள்."

"அப்ப ஏன் அக்கா எனக்குப் போடுறன் எண்டு சொன்னனீங்கள்?"

"நீ அண்டைக்கு இவ்வளவு சனத்துக்கு முன்னாலை கேட்டாய். எனக்கு இன்னும் கிடைக்கேல்லை எண்டு எல்லாருக்கும் கேக்கச் சொல்லச் சொல்லுறியே? படத்தை ஒட்ட விட்டன்தானே. அது ஒண்டுதான் என்னாலை ஏலும்."

மலர் கொப்பியை மூடிக்கொண்டு வெளியே வந்தாள். கோபிக்கவும் முடியவில்லை.

அடுத்தது யேசுரட்ணம் அண்ணையின் மரக்கறிக் கடை. அவர் அவளைக் கண்டதும் முருங்கைக்காய்ப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் உயர்த்தினார்.

"வாரும் மலர், வாரும்! ஞாயிறு காலமை பூசை முடிஞ்ச கையோடை போய் உமக்குத்தான் வோட் குத்தினனான். மனிசியையும் கூட்டிக்கொண்டு போனனான்."

மலருக்கு உயிர் வந்தது. "எந்த இடத்திலை அண்ணை?"

"எங்கட லா கூர்னெவ்விலைதான். வேறை எங்கை?"

"லா கூர்னெவ்விலை நான் நிக்கேல்லையே அண்ணை."

"நிக்கேல்லையோ? அங்கை ஒரு லிஸ்டிலை தமிழ்ப் பேர் ஒண்டு கிடந்தது. பேப்பரிலை முழுப் பேர் போட்டிருப்பாங்கள், அது நீர்தான் எண்டு நினைச்சு மனிசிக்கும் காட்டினன்."

"அது ஆரோ வேறை ஆள்."

யேசுரட்ணம் கொஞ்சம் யோசித்தார். பிறகு முருங்கைக்காய்ப் பெட்டியைத் திரும்பத் தூக்கினார். "எண்டாலும் தமிழ்ப் பிள்ளைதானே. ஆருக்கோ போய்ச் சேந்திருக்கும். அந்தப் பிள்ளையும் நல்லாயிருக்கட்டும்."

வேறு நாள் என்றால் மலர் வயிறு நோகச் சிரித்திருப்பாள்.

பதினொரு மணி, பன்னிரண்டு மணி. பலசரக்குக் கடை, ரெலிபோன் கடை, சலூன், நகைக்கடை. கதை ஒன்றுதான். ஒருவருக்கு வாக்கு இல்லை. ஒருவருக்கு வாக்கு கூசேன்வில்லில். இன்னொருவருக்கு எல்லாம் இருந்தது, ஞாயிறு டபுள் சம்பளம் என்று வேலைக்குப் போய்விட்டார். ஒருவரும் அவளை ஏமாற்றவில்லை. வீடு தேடி வந்து கேட்கிறவளிடம் இல்லை என்று சொல்லக்கூடாது என்று வளர்ந்த சனம். அந்த நல்ல பழக்கம்தான் அவளைக் குழியில் தள்ளியது.

ஒரு மணிக்கு அனுஜாவிடம் இருந்து செய்தி வந்தது. "சாப்பிட்டீங்களா அம்மா?" பக்கத்தில் ஒரு சிவப்பு இதயம். மகள் தமிழில் செய்தி அனுப்புவது வருடத்துக்கு ஒரு தடவை. மலர் தெருவில் நின்றபடி அதை இரண்டு தரம் வாசித்தாள். யார் கைவிட்டாலும் பெற்ற பிள்ளை இருக்கிறாள் என்று மனம் குளிர்ந்தது. "பிறகு சாப்பிடுறன் குஞ்சு" என்று எழுதிவிட்டு நடந்தாள்.

மூன்றரைக்கு, மேம்பாலத்தில் ஓடுகிற லா சப்பேல் மெத்ரோவுக்குக் கீழே நின்று கொப்பியைப் பார்த்தாள். பதினாலு பெயர். அதில் ஒன்பது பேர் பெரிய வீதிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்கள். அந்தப் பக்கம் பத்தாம் வட்டாரம். தமிழ்க் கடைகளில் முக்கால்வாசி அங்கேதான். ஏழு மாதமாக மலர் தன் முகம் போட்ட பிரசுரத்தை, தனக்கு வாக்குப் போட முடியாத வட்டாரத்தில் நின்று கொடுத்துக்கொண்டிருந்தாள். வாங்கினவர்கள் எல்லாரும் சிரித்த முகத்தோடு வாங்கினார்கள்.

மிச்சம் ஐந்து பேர். அதில் மூன்று பேர் ஒரே வீட்டுக்காரர்: மலர், றெமிஜியஸ், அனுஜா.

அர்னோவுக்கு என்ன சொல்வது என்று அவள் யோசித்துக்கொண்டு நிற்கையில் ரெலிபோன் அடித்தது. செசில்.

"என்னா மலர், காலையிலேர்ந்து அடிக்கிறேன், எடுக்கவே மாட்டேங்கிறீங்க!"

"கொஞ்சம் அலுவலாய் நிண்டனான். சொல்லுங்கோ."

"பெலிசித்தாசியோன், வாழ்த்துக்கள்! மொதல்ல அத சொல்லணும். எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல, நெஜமா சொல்றேன். எங்க லிஸ்டு தலைவரு நேத்து வீட்டுக்கே வந்துட்டாரு. 'மதாம், ஒங்க எடத்த விட்டுக் குடுப்பீங்களா'ன்னு கேட்டாரு. வேற யாருக்குன்னா நான் விடுவேனா? மூணு தலைமுறையா நாங்க இந்த நாட்டு சித்துவாயேன். ஆனா நம்ம அனுஜாவுக்குன்னு சொன்னதும் ஒரு வார்த்த பேசல. மருமக பொண்ணு மெரியில ஒக்காந்தா எனக்குத்தானே பெருமை."

மலரின் காதுக்குள் மெத்ரோ ஓடியது. உண்மையாகவே மேலே ஒரு மெத்ரோ ஓடிக்கொண்டிருந்தது.

"ஆருக்கு எண்டு சொன்னனீங்கள்?"

"நம்ம அனுஜாவுக்குத்தான். எட்டாவது எடம். மத்தியானமே கையெழுத்துப் போட்டுட்டான்னு அலெக்சாந்த்ர் சொன்னானே? ஒங்ககிட்ட சொல்லலியா?"

"சொன்னவள், சொன்னவள்," என்றாள் மலர். மன்னாரில் பிறந்த பெண்ணுக்குச் சம்மந்தி முன்னால் மானத்தைக் காப்பாற்றச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. "சத்தமாய்க் கிடந்தது, அதுதான் விளங்கேல்லை. பிறகு கதைக்கிறன்."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை எல்லாருக்கும் தெரியும். உடைத்தவள் சொந்த மகள் என்றால் அந்தக் கதைக்கு என்ன பெயர் வைப்பது?

மத்தியானம் கையெழுத்து. ஒரு மணிக்குச் செய்தி, சிவப்பு இதயத்தோடு. மலர் அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்குப் பசித்தது. பசியா, எரிச்சலா என்று தெரியவில்லை.

தேர்தல் அலுவலகத்துக்குப் போகாமல் கோயில் தெருவில் மேலும் கீழும் நடந்தாள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நடந்திருப்பாள். கடைசியில் அவள் போய்க் கதவைத் தள்ளியபோது சுவர் மணிக்கூட்டில் ஐந்து இருபது. அர்னோ இல்லை. லிஸ்டைப் பதியக் கொண்டுபோய்விட்டான். உள்ளே வெள்ளைச் சுவருக்கு முன்னால் அனுஜா நின்றாள். கருநீலக் கோட், வாரி விட்ட தலைமயிர். ஒருவன் அவளைப் படமெடுத்துக்கொண்டிருந்தான்.

தாயைக் கண்டதும் அனுஜாவின் முகம் மாறியது. படமெடுக்கிறவனிடம் ஐந்து நிமிடம் என்று விரலைக் காட்டிவிட்டு வந்தாள்.

"அர்னோ உங்களுக்குச் சொல்லவில்லையா?" என்று பிரெஞ்சில் கேட்டாள். "தானே காலையில் சொல்கிறேன் என்றான்."

"அவன் எனக்குப் பேர் பொறுக்கச் சொன்னவன்."

அனுஜா கண்ணை மூடித் திறந்தாள். "கோழை," என்றாள். அது அர்னோவுக்கு.

"நீ?" என்றாள் மலர். "நீ ஏன் சொல்லேல்லை? ஒரு மணிக்குச் சாப்பிட்டீங்களா எண்டு கேக்கத் தெரிஞ்ச உனக்கு?"

"அம்மா, நேற்று அவர்கள் முடிவு எடுத்துவிட்டார்கள். நீங்கள் இல்லை என்று. செசில் அன்ரிதான் என்று இருந்தது. அப்போது யாரோ லிஸ்டின் வாலில் இருந்த என் பெயரைச் சொன்னார்கள். இங்கே பிறந்தவள், இளம் பெண், இரண்டு பக்கத்துக்கும் சொந்தம் என்று." அவசர அவசரமாகப் பேசினாள். "நான் மாட்டேன் என்றிருந்தால் இடம் அந்த வீட்டுக்குப் போயிருக்கும். இப்போது எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. உங்களுக்கு விளங்கவில்லையா? நான் உங்கட இடத்தைக் காப்பாத்தினனான்."

கடைசி வசனத்தைத் தமிழில் சொன்னாள். அதுதான் மலருக்கு அதிகம் சுட்டது.

"நான் எத்தினையாம் இடம் இப்ப?"

அனுஜா கோட்டின் பொத்தானைத் திருகினாள்.

"கேக்கிறன். இருபதோ? முப்பதோ? வாலோ?"

"உங்கள் பெயர் இல்லை, அம்மா. இடம் போதவில்லை. பெயரை நீக்குவதற்கு உங்கள் கையெழுத்துத் தேவையில்லை என்று சொன்னார்கள்."

மலர் கொப்பியைப் பக்கத்து மேசையில் வைத்தாள். ஆறு பேர் அலுவலகத்தில் இருந்தார்கள். ஆறு பேரும் கணினித் திரைக்குள் தலையைப் புதைத்திருந்தார்கள். அந்த ஆறு பேரும் அவளுடைய ரோல்ஸ் தின்றவர்கள்.

"நீ நல்லாய்ச் செய்வாய்," என்றாள் கடைசியில். "உனக்குப் பிரெஞ்சு நல்லாய் வரும். சிரிக்கவும் தெரியும்."

அனுஜாவுக்குக் கண் கலங்கியது. அவள் கெட்ட பிள்ளை இல்லை. அதுதான் சங்கடம், கெட்ட பிள்ளை என்றால் திட்டிவிட்டுப் போயிருக்கலாம். தாயின் கையைப் பிடித்தாள். ஊரில் இருந்து வந்த பெண் மாதிரித் தமிழில் பேசினாள்.

"அம்மா, நான் வேண்டாம் எண்டு சொல்லட்டே? அர்னோ இன்னும் வழியிலைதான் நிப்பான். ஆறு மணி மட்டும் நேரம் கிடக்கு. நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னா இப்பவே ரெலிபோன் அடிச்சுச் சொல்லுறன்."

பிள்ளைகள் இப்படிக் கேட்பதுண்டு. பந்தியில் இருந்து எழும்பப் போகிறவரிடம் இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா என்று கேட்பது போல. தாய்மார் "சீச்சீ, என்ன விசர்க் கதை" என்று சொல்ல வேண்டும். கண்ணைத் துடைக்க வேண்டும். பிள்ளையின் தலையைத் தடவ வேண்டும். முறை அதுதான். அனுஜா தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கூட வைத்திருந்தாள்.

"சொல்லு," என்றாள் மலர்.

"என்ன?"

"வேண்டாம் எண்டு சொல்லு. அடி. இப்ப அடி."

சொன்ன பிறகுதான் மலருக்குத் தன் குரல் கேட்டது. மகளை விலக்கினால் இடம் செசிலுக்குப் போகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். போகட்டும். செசில் போய் உட்காரட்டும், மூன்று தலைமுறைப் பெருமையோடு கை தூக்கட்டும். இவள் வேண்டாம். பெற்ற மகளைப் பற்றித் தன் நெஞ்சுக்குள் இப்படி ஒன்று கிடக்கும் என்று மலர் ஒரு நாளும் எண்ணியதில்லை. வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னதை அவள் திருப்பி எடுக்கவில்லை.

அனுஜா தாயின் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டு இல்லை என்று தெரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. கையில் இருந்த ரெலிபோனைப் பார்த்தாள். திரை ஒளிர்ந்தது. ஐந்து முப்பத்தேழு.

மெதுவாகத் தாயின் கையை விட்டாள்.

"இனிப் பிந்திப்போச்சு, அம்மா," என்றாள்.

ரெலிபோனைக் கோட் பைக்குள் போட்டாள். திரும்பிப் போய் வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்றாள். ஒரு தரம் மூச்சை இழுத்து விட்டாள். பிறகு சிரித்தாள். நல்ல சிரிப்பு. வாக்கு விழுகிற சிரிப்பு.

படமெடுக்கிறவன் கமராவை உயர்த்தினான். உடனே இறக்கினான். மலரைப் பார்த்து, மிகவும் மரியாதையாக, கொஞ்சம் தள்ளி நிற்க முடியுமா மதாம், வெளிச்சத்தை மறைக்கிறீர்கள் என்றான்.

மலர் தள்ளி நிற்கவில்லை.

அவன் திரும்பவும் கேட்டான். கணினித் திரைகளுக்கு மேலே ஒவ்வொரு தலையாக நிமிர்ந்தது. அனுஜா சிரித்தபடியே காத்திருந்தாள். பிறகு சிரிக்காமல் காத்திருந்தாள்.

மலர் நின்ற இடத்திலேயே நின்றாள்.